மங்கா உருவங்கள் வரையத் தொடங்குபவர் முதலில் எதைப் பழக வேண்டும்?

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் பாணியில் மனித உருவங்களை வரைய எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியோடு நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால், உண்மையில் உங்களை வாட்டுவது வேறொன்று என்று தெரிகிறது. நான்கு மாதங்களாக யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பழகுகிறீர்கள். காணொளியை ஓடவிட்டு அதனோடு சேர்ந்து வரையும்போது முகம் அழகாக வருகிறது. வெற்றுத் தாளை எடுத்து நீங்களாக வரைந்தால் வருவதில்லை. வந்தாலும் நேராகப் பார்க்கும் முகம் மட்டுமே வருகிறது, தலையைச் சற்றுத் திருப்பினால் குலைந்துவிடுகிறது, கழுத்துக்குக் கீழே எதுவும் நிற்பதில்லை. இந்த நிலையில், முதலில் இரண்டு ஆண்டுகள் இயல்பான ஓவியம் கற்றுவிட்டுப் பிறகு மங்காவுக்கு வா என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா, கணினியில் வரைவதற்கான ஒரு டேப்லெட் வாங்கினால் சிக்கல் தீருமா என்பவை உங்கள் துணைக்கேள்விகள். ஆகவே, பார்த்து வரைய முடிகிற கைக்குப் பார்க்காமல் வரைய ஏன் முடியவில்லை என்பதே இங்கே விடை தேட வேண்டிய கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன். பதினான்கு ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வரையக் கற்பித்து வருகிறேன். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மங்காவையும் அனிமே என்னும் ஜப்பானிய இயங்குபடங்களையும் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள். ஜப்பானியப் பதிப்புத் துறையில் வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை. அதனால் அங்கே தொழில்முறைக் கலைஞராவது எப்படி என்பதைத் தொடாமல், உருவம் வரைவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எது உறுதியானது, எது என் வகுப்பறையில் கண்டதை வைத்து நான் கருதுவது என்பதை ஆங்காங்கே பிரித்தும் சொல்லிவிடுகிறேன்.

காணொளியோடு சேர்ந்து வரையும்போது உங்கள் கை கற்றுக்கொள்வது கோடுகள் வரும் வரிசையை. ஒரு மொழி தெரியாதவர் அம்மொழிப் பாட்டொன்றை மனப்பாடம் செய்து சுருதி பிசகாமல் பாடிவிடலாம். ஆனால் அதே மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க அவரால் முடியாது. உங்கள் நேர்முகம் அந்தப் பாட்டைப் போன்றது. மங்கா முகம் மிகவும் சுருக்கி எழுதப்பட்ட ஒரு குறிப்பு. அதில் உள்ள ஒவ்வொரு கோடும் ஏதோ ஒன்றின் சுருக்கம். கண்ணின் மேல்விளிம்பில் தடித்து வரும் கருங்கோடு, மேலிமையின் விளிம்பும் இமைமயிர்களும் அவை விழியின்மேல் போடும் நிழலும் ஒன்றாகத் திரண்டது. மேற்கோடு தடித்தும் கீழ்க்கோடு மெலிந்தும், பல வேளைகளில் நடுவே அறுந்தும் இருப்பதற்குக் காரணம் அதுதான். மூக்கின் இடத்தில் இருக்கும் சிறு கீற்று, பெரும்பாலும் மூக்கு நுனிக்கு அடியில் விழும் நிழல். வாய்க்குக் கீழே சில கலைஞர்கள் இடும் குட்டைக் கோடு, கீழுதட்டின் அடிநிழல். எது சுருக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவரால் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கோட்டைப் புதிய இடத்தில் வைக்க முடியும். தெரியாதவர், காணொளியில் கோடு எங்கே இருந்ததோ அங்கேயே வைப்பார்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்கு நன்றாக வரும் முகத்தை ஒருமுறை வரைந்துவிட்டு, பக்கத்திலேயே அதே ஆள் மாடியைப் பார்ப்பதுபோல் அண்ணாந்திருக்கும் நிலையில் வரைய முயலுங்கள். அண்ணாந்த தலையில் கண்களின் வரிசை மேல்நோக்கி வளைகிறது; மூக்கின் அடிப்பகுதி தெரிகிறது; தாடையின் அடித்தளம் ஒரு தனிப்பரப்பாக வெளிப்படுகிறது; காதுகள் கண்களைவிடத் தாழ்ந்து போகின்றன. இவற்றில் எதுவுமே தோன்றாமல், முகம் முழுவதும் மேலே நகர்த்தப்பட்டதுபோல் மட்டும் வந்தால், நீங்கள் தலையை வரையவில்லை, முகமூடியை வரைந்திருக்கிறீர்கள். தொடங்கிய எல்லாருக்கும் நேர்வதுதான் இது, வருந்த வேண்டியதில்லை.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மண்டையோட்டின் கன அளவு, உடலின் விகிதம், மூட்டுகள் மடங்கும் விதம் ஆகியவை எந்தப் பாணிக்கும் பொதுவானவை. இவற்றை மெய்யான மனிதர்களைப் பார்த்துத்தான் கற்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் மங்காவைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அப்படி நிபந்தனை விதிக்கப்பட்ட மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆப்பிளையும் பூச்சட்டியையும் நிழல்தீட்டிக்கொண்டே ஆறு மாதத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டவர்கள் அவர்களில் பலர். மறுபக்கம், மங்காவை மட்டுமே பார்த்து மங்கா வரைந்தவர்கள் ஓராண்டுக்குப் பின் ஓரிடத்தில் தேங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வரையும் பத்துப் பெண்களுக்கும் ஒரே முகம் இருக்கும், முடி மட்டும் மாறும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே நோட்டில் செய்வதே நல்லது என்பது என் கருத்து. காலையில் அம்மா காய் நறுக்கும்போது அவர் தோளும் முழங்கையும் இருக்கும் நிலையை வரைந்தால், மாலையில் அதே நிலையில் ஒரு மங்கா பாத்திரத்தை நிறுத்துங்கள். இந்த இரண்டுக்கும் எந்த விகிதத்தில் நேரம் ஒதுக்குவது என்பதற்கு நிரூபிக்கப்பட்ட கணக்கு எதுவும் கிடையாது. சலிப்புத் தட்டாத அளவுக்கு மங்காவும், தேங்காத அளவுக்கு மெய்யுருவும் இருந்தால் போதும்.

இங்கே மங்கா பாணி என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அப்படி ஒற்றைப் பாணி கிடையாது. பெரிய கண்கள்தான் அதன் அடையாளம் என்று பலரும் நினைக்கிறார்கள். மங்காவின் முன்னோடிகளில் ஒருவரான ஒசாமு தெசூகா அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களிலிருந்து, குறிப்பாக டிஸ்னியின் படங்களிலிருந்து, நிறையக் கற்றுக்கொண்டார் என்பது உண்மை. அதை அவரே மறைத்ததில்லை. ஆனால் பெரிய கண்கள் முழுக்க அங்கிருந்துதான் வந்தன என்று சொல்வது அரைகுறையான விளக்கம். தெசூகாவுக்கு முன்பே, 1930களில், ஜுன்இச்சி நக்கஹாரா போன்றவர்கள் ஜப்பானியச் சிறுமியர் இதழ்களில் அகன்ற விழிகளோடு பெண்களை வரைந்துகொண்டிருந்தார்கள். 1970களின் சிறுமியர் மங்காவில், ரியோகோ இக்கேடா போன்றோரின் கைகளில், அந்த விழிகளுக்குள் விண்மீன்கள் மின்னின. அதற்கு நேர்மாறாக, 1982இல் வெளிவரத் தொடங்கிய 'அகிரா'வில் காட்சுஹிரோ ஓட்டோமோ வரைந்த முகங்களுக்குச் சிறிய கண்களும் தட்டையான மூக்கும் இருந்தன. நவோக்கி உராசாவாவின் பாத்திரங்களை மூக்கை வைத்தே ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆகவே பொதுவான மங்கா முகம் எப்படி இருக்கும் என்று தேடாதீர்கள். உங்கள் மனத்தைப் பறித்த ஒரே ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று மாதங்களாவது அவரோடேயே இருங்கள். நாளுக்கொரு கலைஞரைப் பார்த்து வரைகிறவருக்கு ஒருவரின் சுருக்கமுறையும் பிடிபடுவதில்லை.

பார்த்து வரைவது தவறு என்ற குற்றவுணர்வு உங்கள் எழுத்தில் தெரிகிறது, அதை விட்டுவிடுங்கள். மங்கா என்ற சொல்லைப் பரவலாக்கிய நூல்களில் ஒன்றான ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ஓவியத் தொகுப்பு 1814இல் முதல் பகுதியாக வந்தபோது, மாணவர்கள் பார்த்து வரைந்து பழகுவதற்கான கையேடாகத்தான் வந்தது. குளிப்பவர், மல்யுத்தம் செய்பவர், முகத்தைக் கோணிக்கொண்டு சிரிப்பவர், பறவை, புல் என்று பக்கம் பக்கமாக உருவங்கள்; பதினைந்து பகுதிகள் வரை அது வளர்ந்தது. இன்றைய கதை மங்காவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்ச்சி உண்டா என்பதில் கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. அது கற்பிக்கும் நூலாக இருந்தது என்பதில் இல்லை. பார்த்து வரையும் முறைதான் முக்கியம். நான் மாணவர்களுக்குச் சொல்வது இது: மங்கா பக்கத்தில் ஒரு சட்டகத்தை, அதாவது ஒரு கட்டத்துக்குள் இருக்கும் படத்தை, பார்த்து நிதானமாக வரையுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து அதே உருவத்தை வரையுங்கள். புத்தகத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே தவறினீர்கள் என்பதைச் சிவப்புப் பென்சிலால் உங்கள் தாளிலேயே திருத்துங்கள். கடைசியாக, அதே பாத்திரத்தை மூலத்தில் இல்லாத ஒரு கோணத்தில் வரையுங்கள். மூடிவைத்து வரையும் அந்த இரண்டாவது படியில்தான் கற்றல் நடக்கிறது என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். காணொளிப் பயிற்சியில் இல்லாமல் போவதும் அதுவே. மேலே தாள் வைத்துக் கோட்டைத் தடம் எடுப்பதுகூடக் கோட்டின் ஓட்டத்தைக் கை உணர உதவும், ஆனால் அதை உங்கள் சொந்தப் படைப்பாக வெளியிடக் கூடாது. பார்த்து வரைந்ததை வெளியிட்டால் மூலக் கலைஞரின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

இனி தலைக்கு வருகிறேன். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. தலையை ஒரு பந்தாக நினைத்துக்கொண்டு, அதன் இரு பக்கங்களிலும் ஒரு வில்லையைச் சீவி எடுத்துவிட்டதாகக் கொள்ளுங்கள். மண்டையோடு பக்கவாட்டில் தட்டையானது என்பதால் இப்படிச் செய்கிறோம். அந்தப் பந்தின் முன்புறம் தாடையைத் தொங்கவிட வேண்டும். நெற்றியின் நடுவிலிருந்து மூக்கு வழியாக மோவாய்வரை ஒரு நடுக்கோடும், கண்களின் மட்டத்தில் ஒரு குறுக்குக் கோடும் பந்தின் மேற்பரப்பைச் சுற்றி ஓடட்டும். இந்தக் கோடுகள் தட்டையான சிலுவையாக இருக்கக் கூடாது. இளநீர்க் காயைச் சுற்றிக் கட்டிய நூல்போல் வளைந்து போக வேண்டும். ஜப்பானியக் கலைஞர்கள் இப்படி முதலில் இடும் வழிகாட்டிக் கோடுகளை அத்தாரி என்கிறார்கள். காணொளிகளில் வரும் வட்டமும் குறுக்குக் கோடும் இதன் தேய்ந்த வடிவம்தான். பந்து என்று சொல்லாமல் வட்டம் என்று சொல்லிக்கொடுத்ததால் கனம் காணாமல் போய்விட்டது.

வளர்ந்த மனிதரின் கண்கள் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நட்டநடுவில் இருக்கின்றன. தொடங்குபவர்கள் மெய்யுருவம் வரையும்போது கண்களை மேலே ஏற்றிவிடுவார்கள். நெற்றிக்குமேல் இருக்கும் மண்டையைக் கண் கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்பதே காரணம். மங்காவிலோ, இளவயதுப் பாத்திரங்களுக்குக் கண்கள் நடுமட்டத்துக்கும் கீழே இறக்கப்படுகின்றன. நெற்றி அகன்று, தாடை சுருங்குகிறது. அகன்ற நெற்றி, பெரிய கண், சிறிய மோவாய் ஆகியவை குழந்தையின் அடையாளங்கள் என்றும், அவற்றைக் கண்டதும் நமக்குள் பரிவு எழுகிறது என்றும் விலங்கு நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். இந்த அறிவை நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தலாம். அதே பாத்திரத்துக்கு வயது கூட்ட வேண்டுமானால் கண்ணின் உயரத்தைக் குறையுங்கள், மட்டத்தைச் சற்று ஏற்றுங்கள், மூக்கையும் தாடையையும் நீட்டுங்கள். சுருக்கம் எதுவும் போடாமலே அண்ணன் அப்பாவாகிவிடுவார்.

முக்கால்வாசி திரும்பிய முகத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். அங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, தூரத்துக் கண்ணையும் அருகிலிருக்கும் கண்ணையும் ஒரே அகலத்தில் வரைவது. முகம் வளைந்து விலகிச் செல்வதால் தூரத்துக் கண் குறுக்குவாட்டில் ஒடுங்கித்தான் தெரியும்; உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மற்றொன்று, தூரத்துப் பக்கத்தின் விளிம்பைக் கோழிமுட்டைபோல் வழுவழுவென்று இழுத்துவிடுவது. கண்ணாடி முன் நின்று பாருங்கள்: விளிம்புக்கோடு நெற்றியிலிருந்து இறங்கி, கண்குழியில் உள்வாங்கி, கன்ன எலும்பில் வெளியே வந்து, அங்கிருந்து மோவாயை நோக்கி இறங்குகிறது. அந்த ஓர் உள்வாங்கலை இட்டதும், தாளில் இருக்கும் முகம் சட்டென்று எலும்பு பெறுவதைப் பார்ப்பீர்கள். பக்கவாட்டு முகத்தில் கண் பாதாம் வடிவில் இருக்காது. படுத்த முக்கோணம்போல் இருக்கும், கருவிழி ஒடுங்கிய நீள்வட்டமாகிவிடும். அதே பக்கவாட்டில் தலையின் பின்புறத்தைச் சுருக்கிவிடுவது மிகப் பரவலான பிழை. காது ஏறத்தாழத் தலையின் நடுவில் இருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னும் கிட்டத்தட்டப் பாதி மண்டை இருக்கிறது. உங்கள் கையையே காதின்மேல் வைத்துப் பின்னால் தடவிப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

முடியை எப்போதும் கடைசியில் வரையுங்கள். ஆனால் மண்டையை முழுமையாக, மொட்டையாக வரைந்த பிறகே வரையுங்கள். முடிக்குக் கனம் உண்டு, அது மண்டையின் கோட்டுக்கு வெளியேதான் எழும்பி நிற்கும். தலையில் சுழி எங்கே இருக்கிறது என்று ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, அங்கிருந்து வழியும் கற்றைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு இழையாகப் போடத் தொடங்கினால் அது வைக்கோற்போராகிவிடும். பெரிய கற்றைகள் நான்கைந்து, அவற்றின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் சில சிறு கற்றைகள் என்ற அளவே நெடுநாளுக்குப் போதும்.

உடலுக்குச் செல்லும்போது தலையை அளவுகோலாகக் கொள்கிறோம். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழு முதல் ஏழரைத் தலை. மங்காவில் கதையின் தன்மைக்கேற்ப இது மாறும். நெடிய நாயகர்கள் எட்டுத் தலையையும் தாண்டுவார்கள், சிபி என்று சொல்லப்படும் குட்டி உருவங்கள் இரண்டு அல்லது மூன்று தலைதான் இருக்கும். இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. நம் சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தைத் தாளம் என்று அலகாக வைத்து, ஒரு தாளத்தைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து, இந்த உருவத்துக்கு இத்தனை தாளம் என்று வகுத்தவை. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். பிள்ளையார் நமக்குக் குழந்தையாகத் தெரிவதில் அந்த ஐந்து தாளத்துக்குப் பெரும் பங்கு உண்டு, சிபி உருவத்திலும் நடப்பது அதுவே. சிற்பிகளின் அலகு முகத்தின் நீளம், ஓவியர்களின் அலகு உச்சி முதல் மோவாய் வரையான முழுத்தலை என்பதை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நடைமுறைக்குச் சில அடையாளங்கள் போதும்: நிற்கும் உடலின் நடுப்புள்ளி கவட்டின் மட்டத்தில் விழும், தொங்கவிட்ட கையின் முழங்கை இடுப்பு ஒடுங்கும் இடத்துக்கு அருகிலும், மணிக்கட்டு ஏறத்தாழக் கவட்டின் மட்டத்திலும், விரல்நுனி நடுத்தொடையிலும் வரும். கால்களை நீட்டுவது மங்காவில் வழக்கம், அப்படி நீட்டும்போதும் முழங்கால் தன் விகிதத்தில் நகர வேண்டும்.

விகிதம் சரியாக இருந்தும் உருவம் கடைப் பொம்மைபோல் விறைத்து நிற்பதாகச் சொல்கிறீர்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று முடிவு செய்யாமல் வரைந்தால் அப்படித்தான் ஆகும். உடல் எடையை ஒரு காலில் ஏற்றினால் அந்தப் பக்கத்து இடுப்பு உயர்கிறது, அதை ஈடுகட்ட அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது, தலை மறுபடி ஒரு பக்கம் சாய்கிறது. விலாக்கூட்டை ஒரு பெட்டியாகவும் இடுப்பெலும்பை இன்னொரு பெட்டியாகவும் வைத்து, இரண்டையும் எதிரெதிராகச் சாய்த்துவிட்டு, பிறகு கைகால்களை மாட்டிப் பாருங்கள். சென்னையில் இருக்கும் மாணவர்களை நான் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்கு அழைத்துச் செல்வது இதற்காகத்தான். அங்கே திரிபங்கத்தில், அதாவது உடல் மூன்று இடங்களில் வளைந்த நிலையில், நிற்கும் திருமேனிகளின் தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, நிற்கும் காலுக்கு ஒரு கோடு என்று மூன்று கோடுகளை மட்டும் வரையச் சொல்வேன். வீட்டிலிருந்தே பழக வேண்டுமானால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், முகமும் உடையும் இல்லாமல், உடல் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதை மட்டும் பிடியுங்கள். இந்த வேகப்பயிற்சியை நான் எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைக்கிறேன்; இது பலன் தராமல் போன ஒரு மாணவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கைகளைப் பைக்குள்ளும் முதுகுக்குப் பின்னாலும் ஒளிக்கும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. உள்ளங்கையைச் சற்றுக் குவிந்த தட்டையான பெட்டியாகவும், நான்கு விரல்களைச் சேர்த்து ஒரே கையுறையாகவும், கட்டைவிரலைத் தனி ஆப்பாகவும் முதலில் அமைத்துவிட்டு, பிறகே விரல்களைப் பிரிக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரையான நீளம் முகத்தின் நீளத்துக்கு, அதாவது மோவாயிலிருந்து நெற்றிமுடி தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்துக்கு, ஏறக்குறையச் சமம். சிற்பிகளின் தாளக் கணக்கும் இதையே சொல்கிறது. தொடங்குபவர்கள் கையை எப்போதும் சிறிதாகத்தான் வரைகிறார்கள். மாதிரிக்கு யாரையும் தேட வேண்டாம், உங்கள் இடக்கை எந்நேரமும் எதிரிலேயே இருக்கிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு சாதாரண எச்.பி. பென்சில், அழிப்பான், ஏ4 தாள்கட்டு, ஒரு கறுப்பு ஜெல் பேனா ஆகியவை முதல் ஆறு மாதங்களுக்கு முற்றிலும் போதுமானவை. நம் வெக்கையில் உள்ளங்கை வியர்த்துப் பென்சில் கோடு கலைந்துவிடும் என்பதால் கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொள்ளுங்கள். மங்கா கலைஞர்கள் பயன்படுத்தும் ஜி-பேனா அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் கோடு தருவது, மாரு பேனா நுண்ணிய கோடுகளுக்கானது. இவற்றின் அழகு உண்மையானது, ஆனால் உருவம் நிற்காத நிலையில் அவை உங்களுக்கு உதவ மாட்டா. டேப்லெட்டும் அப்படியே. திரையில்லாத வகை வாங்கினால் கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருப்பதற்குப் பழகவே சில வாரங்கள் ஆகும். அழித்து மீட்கும் பொத்தான் இருப்பதால், ஒரே கண்ணை நாற்பது முறை திருத்தி, ஒரு மாலைப்பொழுதில் ஒரு முகத்தைக்கூட முடிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் ஏற்கெனவே கருவி இருந்தால் கிரிட்டா என்னும் வரையும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியில் ஐபிஸ் பெயின்ட் என்னும் செயலி இருக்கிறது. மங்கா பக்கங்களுக்காகவே வடிவமைக்கப்பட்ட கிளிப் ஸ்டூடியோ பெயின்டைப் பிறகு யோசிக்கலாம். கணினி தரும் ஒரு நல்ல வசதி, படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பது. அதைத் தாளிலும் செய்யலாம்: வரைந்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். ஒரு கண் இறங்கியிருப்பதும் தாடை கோணியிருப்பதும் நொடியில் புலப்படும்.

கோட்டைச் சிறுசிறு கீறல்களாக ஒட்டவைக்காமல், கையை இரண்டு மூன்று முறை காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் போடப் பழகுங்கள். நீண்ட கோடுகளுக்கு மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து அசைக்க வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நாள்தோறும் அரைமணி நேரமாவது ஒதுக்கிய என் மாணவர்கள் பலருக்கு, ஓராண்டு நெருங்கும்போது, நினைத்த கோணத்தில் தலையைத் திருப்ப வந்திருக்கிறது. உடல் முழுவதும் வசப்பட அதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கிறது. இது ஒரு வகுப்பறையின் கணக்கு மட்டுமே, உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வாரத்தில் ஒரே நாள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தவர்களைவிட இவர்கள் விரைவில் முன்னேறினார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைந்தால் வலது மூளை விழித்துக்கொள்ளும் என்று பல காணொளிகளில் கேட்டிருப்பீர்கள். அந்தப் பயிற்சி பலருக்குப் பயன்படுகிறது, ஏனென்றால் தலைகீழாக இருக்கும்போது கண், மூக்கு என்று பெயர் வைக்க முடியாமல் கோட்டின் வடிவத்தை மட்டும் பார்க்கிறோம். மூளையின் இரு பாதிகளைப் பிரித்துச் சொல்லும் அந்த விளக்கம் அறிவியலில் அவ்வளவு எளிதாக நிலைநாட்டப்பட்டதன்று. பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள், விளக்கத்தை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

அடுத்த இரண்டு வாரங்களுக்குக் காணொளிகளை நிறுத்திவைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு பக்கம், அதில் பன்னிரண்டு மொட்டைத் தலைகள். கண், மூக்கு, முடி எதுவும் வேண்டாம், பந்தும் தாடையும் நடுக்கோடும் கண்கோடும் காதும் மட்டும், ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் பார்க்கட்டும். அதன்பின் பத்து நிமிடம் வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கும், நிற்கும் நிலைகள். பதினைந்தாம் நாள், முதல் நாளில் வரைந்த ஒரு தலையையும் கடைசி நாளில் வரைந்த ஒரு தலையையும் எடுத்து, உங்களுக்குப் பிடித்த கலைஞரின் கண்ணையும் முடியையும் இரண்டிலும் பொருத்துங்கள். எந்தத் தலை அவற்றைத் தாங்குகிறது, எதில் அவை வழுக்கி விழுகின்றன என்பதைப் பார்த்தபின், அடுத்து மூன்றாம் வாரத்தில் பழக வேண்டியது முக்கால்வாசி முகமா பக்கவாட்டு முகமா என்பதை உங்கள் தாளே காட்டிவிடும். நான் சந்தேகப்படுவது காதுக்குப் பின்னால் இருக்கும் மண்டையை. முதலில் அதைச் சரிபாருங்கள்.